இரு தீவுகள் கண்ட நோய்

கழுகுமலை என்றதும் உங்களில் பலருக்கு வெட்டுவான் கோயில் நினைவுக்கு வரும். மலைப்பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் உருவாக்கத் தொடங்கி, அடிப்பகுதி முற்றுப்பெறாமல் நின்றுவிட்ட கற்கோயில் அது. அதே மலையில் வரிசை வரிசையாகச் சமணத் திருமேனிகள் செதுக்கப்பட்டிருப்பதையும் சிலர் பார்த்திருப்பீர்கள். நான் அந்த மலையடியில் பிறந்து வளர்ந்தவன். ஆயினும் இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டது சிற்பத்தின் வரலாறு அன்று. குழந்தைகளின் தோலில் தோன்றும் ஒரு நோயின் வரலாறு. வரலாறு என்பது மன்னர்களுக்கும் போர்களுக்கும் மட்டும் உரியதன்று. நோய்களுக்கும் வரலாறு உண்டு. அவற்றை இனங்கண்ட மனிதர்களுக்கும் வரலாறு உண்டு.

எங்கள் பக்கம் கரிசல் பூமி. மழை பெய்தால் காலை விடாத களிமண். வெயில் காய்ந்தால் கை நுழையுமளவு வெடிப்பு. என் சிறு பருவத்தில் கோடை வந்துவிட்டால் குடிக்க நீர் கிடைப்பதே அரிது. குளிக்க நீருக்கு எங்கே போவது? ஆகவே பங்குனி, சித்திரை மாதங்களில் பிள்ளைகளின் கைவிரல் இடுக்குகளிலும் தலையிலும் புண் காணாத வீடு குறைவு. வேப்பிலையையும் மஞ்சளையும் அம்மியில் அரைத்துப் பூசி வெயிலில் உட்கார வைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆறிவிடும்.

என் வகுப்பில் படித்த ஒரு சிறுவனுக்கு மட்டும் ஆறவில்லை. தலையிலும் காதுகளின் பின்புறத்திலும் பொருக்குத் தட்டி நீர் வடிந்துகொண்டே இருக்கும். சில நாள் காய்ந்தாற்போல் தோன்றும், மீண்டும் வந்துவிடும். அவனை வாயிற்படி ஓரத்தில் தனியாக ஒரு பலகையில் உட்கார வைத்தார்கள். 'அவனைத் தொடாதே, ஒட்டிக்கொள்ளும்' என்று எங்கள் வீடுகளில் சொல்லி அனுப்பினார்கள். தண்ணீர்ப் பானையிலிருந்து அவனுக்கு ஒருவர் மொண்டு ஊற்றுவார். அவன் இரு கைகளையும் குவித்துக் குடிப்பான். ஆண்டு முடியுமுன் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவனுக்கு இருந்தது இன்ன நோய் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லேன்; அவனை ஒரு மருத்துவர் பார்த்ததாகவும் எனக்கு நினைவில்லை. 'சிரங்கு' என்ற ஒரு சொல்லோடு அவன் கதை முடிந்துவிட்டது. அவனிடமிருந்து விலகி உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

தோல் நோய்களுக்குத் தமிழில் சொற்கள் குறைவல்ல. சொறி, சிரங்கு, படை, படர்தாமரை, அக்கி, கரப்பான் என்று நம் முன்னோர் பிரித்தே வழங்கினர். குழந்தை மருத்துவம் கூறும் பாலவாகட நூல்கள் கரப்பானைப் பல வகையாகப் பகுத்துப் பேசுகின்றன. ஆனால் தெருவில் நின்று பேசும்போது இவையெல்லாம் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. பெயர் ஒன்றாகிவிட்டால் நோயும் ஒன்றாகத் தோன்றும். நோய் ஒன்றாகத் தோன்றினால் அதன் காரணத்தை எவரும் தேடமாட்டார். இந்த மயக்கத்திலிருந்து ஒரு நோய் எவ்வாறு பிரித்தெடுக்கப்பட்டது என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

இச்செய்தி எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. கடல் கடந்து கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளர்களின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். 1845ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு கப்பல்கள் மேற்கிந்தியத் தீவுகளை அடைந்தன. ஒன்று ஜமைக்காவிற்கும், மற்றொன்று டிரினிடாடிற்கும் சென்றது. பின்னர் வந்த கப்பல்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டவையும் உண்டு. அவற்றில் தமிழர்களும் இருந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்களைப் பற்றிய குறிப்புகளைத் தேடிச் சென்ற இடத்தில், ஒரு மருத்துவ ஆய்வு என் கண்ணில் பட்டது. அந்த ஆய்வைப் பின்பற்றிச் சென்றபோது, ஜமைக்காக் குழந்தைகளின் கதை விரிந்தது.

ஜமைக்கா கரீபியக் கடலில் உள்ள ஒரு தீவு. அதன் தலைநகரான கிங்ஸ்டனில், மோனா என்னும் பகுதியில் 1948இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதனோடு இணைந்து ஒரு மருத்துவமனையும் எழுந்தது. ஜமைக்காவில் தோல் நோயுற்ற குழந்தைகளைப் பார்த்த மருத்துவர்களுள் ஸ்வீட் என்பவர் 1966இல் பிரிட்டானியத் தோல் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஜமைக்காவில் காணப்படும் ஒரு வகைக் கரப்பான், தாம் வேறிடங்களில் கண்ட கரப்பானிலிருந்து மாறுபட்டிருக்கிறது என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டில், 1967இல், வால்ஷ் என்ற மருத்துவர் அதே நோயை இன்னும் விரிவாக எழுதினார். அந்நோய்க்குத் தமிழில் 'தொற்றுக் கரப்பான்' என்று பெயர் சொல்லலாம்.

அதன் அடையாளங்களைச் சிறிது கேளுங்கள். பெரும்பாலும் குழந்தைக்கு இரண்டு வயதை ஒட்டித் தொடங்கும். தலை, காதின் பின்புறம், கழுத்து, இமை ஓரம், மூக்கைச் சுற்றிய இடம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோல் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டும். மூக்குத் துவாரங்களின் வாயிலிலும் பொருக்குப் படியும். சளி பிடிக்காமலேயே மூக்கிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருக்கும். புண்ணிலிருந்து எடுத்துச் சோதித்தால் ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியங்கள் காணப்படும். நுண்ணுயிர்க் கொல்லி மருந்து கொடுத்தால் விரைவில் ஆறும். மருந்தை நிறுத்தினால் விரைவில் திரும்பும். ஆண்டுக் கணக்கில் இப்படியே நீடிக்கும்.

நாம் சாதாரணமாகக் காணும் கரப்பானோ இவ்வாறு இருப்பதில்லை. அது வறண்ட தோலில், முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் தோன்றி மிகுந்த அரிப்பைத் தருவது. குடும்பத்தில் ஆஸ்துமா போன்றவை இருப்போருக்கு வருவது. இரண்டையும் ஒன்றென்று மேலெழுந்தவாரியாகச் சொல்லிவிடுவது எளிது. ஸ்வீட்டும் வால்ஷும் அவ்வாறு சொல்லவில்லை. வேறுபாட்டைக் கண்டார்கள், கண்டதை எழுதினார்கள். காரணம் என்ன என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. புண்ணில் கண்ட பாக்டீரியங்கள் நல்ல உடல்நலமுள்ள பிள்ளைகளின் மூக்கிலும் தோலிலும்கூட இருப்பவை. அவை இந்தக் குழந்தைகளை மட்டும் ஏன் ஆண்டுக் கணக்கில் வாட்டவேண்டும்? இவ்வினாவிற்கு விடை கிடைக்க 24 ஆண்டுகள் ஆயின.

விடையின் ஒரு பகுதி, உலகத்தின் மறுபக்கத்தில், ஜப்பானில் இருந்தது. 1977இல் கியோட்டோ நகரைச் சேர்ந்த உச்சியாமா, தகாத்ஸுகி முதலிய மருத்துவர்கள் ஒரு புதுவகை இரத்தப் புற்றுநோயை விவரித்தனர். அது வயது வந்தோருக்கு வருவது. 'டி' அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்களைத் தாக்குவது. பலருக்குத் தோலிலும் அதன் அறிகுறிகள் தோன்றும். நோயாளிகளின் பிறந்த ஊரைக் கேட்டபோது வியப்பு காத்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஜப்பானின் தென்மேற்கிலுள்ள கியூஷு என்னும் தீவில் பிறந்தவர்கள். பிறந்த ஊர் எது என்ற எளிய கேள்வி, இந்நோய்க்கு இடத்தோடு தொடர்புண்டு என்பதைக் காட்டிக்கொடுத்தது.

1980இல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பொயேஸ், கேலோ முதலியோர், தோலைத் தாக்கும் 'டி' அணுப் புற்றுநோய் கொண்ட ஒருவரின் அணுக்களிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தனர். அதற்கு எச்.டி.எல்.வி.–1 என்று பெயர். 1981இல் ஜப்பானில் ஹினுமா முதலியோர், கியூஷு நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டனர். இரு நாட்டினரும் கண்டது ஒரே வைரஸ்தான் என்பது விரைவில் தெளிவாயிற்று.

இந்த வைரஸ் ரிட்ரோவைரஸ் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. சாதாரணமாக உயிரணுவில் டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும். இக்குடும்பத்து வைரஸ்களோ தம் ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.யைப் படியெடுத்து, அதை நம் உயிரணுவின் டி.என்.ஏ.யோடு பின்னிவிடுகின்றன. இத்தகைய தலைகீழ்ப் படியெடுப்பு நடக்கிறது என்பதை 1970இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்து, 1975இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரு முறை பின்னிவிட்டால் வைரஸ் ஆயுள் முழுவதும் உடலில் இருக்கும். மனிதரிடம் கண்டறியப்பட்ட முதல் ரிட்ரோவைரஸ் எச்.டி.எல்.வி.–1 ஆகும். எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான வைரஸ் 1983இல் கண்டறியப்பட்டது; அதுவும் இக்குடும்பமே. 1986இல் அந்த எய்ட்ஸ் வைரஸ் இந்தியாவில் இருப்பதைச் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுநீதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் முதன்முதலாகக் கண்டறிந்ததை நீங்கள் அறிந்திருக்கக்கூடும். குடும்பம் ஒன்றாயினும் இரண்டும் வேறு வேறு. எச்.டி.எல்.வி.–1 உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வாழ்நாள் முழுவதும் அதனால் கடுமையான நோய் எதுவும் அடைவதில்லை.

இப்போது கியூஷுத் தீவையும் ஜமைக்காத் தீவையும் இணைக்கும் கண்ணியைப் பார்ப்போம். 1982இல் லண்டனில் கடோவ்ஸ்கி முதலிய மருத்துவர்கள், மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய சிலருக்கு, ஜப்பானில் கண்ட அதே இரத்தப் புற்றுநோய் இருப்பதை அறிவித்தனர். உடனே ஆராய்ச்சியாளரின் பார்வை கரீபியக் கடல் நோக்கித் திரும்பியது. அங்கே ஏற்கெனவே விடை தெரியாத ஒரு நோய் குறித்து வைக்கப்பட்டிருந்தது. கால்கள் மெல்ல மெல்ல விறைத்து நடக்க முடியாமற்போகும் தண்டுவட நோய் அது. ஜமைக்காவில் குரூக்ஷாங்க் என்ற மருத்துவர் 1956இல் அத்தகைய 100 நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார். 1985இல் மார்த்தினிக் தீவில் ஜெசேன் முதலியோர் அத்தகைய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் எச்.டி.எல்.வி.–1 எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டனர். 1986இல் கியூஷுவின் ககோஷிமாவில் ஒசாமே முதலியோரும் அதே நோயை, அதே வைரஸோடு கண்டனர்.

அப்படியானால், 1966 முதல் விடை தெரியாதிருந்த அந்தக் குழந்தைகளின் கரப்பான்? இக்கேள்வியை எழுப்பியவர் ஜமைக்காவின் தோல் மருத்துவரான லோயிஸ் லாகிரனேட் என்னும் பெண்மணி. அவரும் அவருடைய குழுவினரும் 1990இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு மிகச் சிறியது, மிகத் தெளிவானது. தொற்றுக் கரப்பான் கொண்ட 14 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தனர். சாதாரணக் கரப்பான் கொண்ட 11 குழந்தைகளின் இரத்தத்தையும் சோதித்தனர். முன்னவர் 14 பேரிடமும் எச்.டி.எல்.வி.–1 எதிர்ப்பொருள் இருந்தது. பின்னவர் 11 பேரில் ஒருவரிடமும் இல்லை.

மாணவ நண்பர்களே, இந்த இரண்டாவது எண்ணைக் கூர்ந்து நோக்குங்கள். 14 குழந்தைகளை மட்டும் சோதித்திருந்தால், 'ஜமைக்காவில் எல்லாக் குழந்தைகளிடமும் இந்த வைரஸ் இருக்கலாமே' என்று எவரும் மறுத்திருக்கலாம். பக்கத்தில் 11 பேரை வைத்தபோதுதான் உண்மை பேசிற்று. ஒப்பிட்டுப் பாராமல் ஒன்றைப் பற்றி முடிவு சொல்லலாகாது என்பது அறிவியலுக்கு மட்டுமன்று, வரலாற்றுக்கும் பொருந்தும் விதி.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1966இலும் 1967இலும் இரண்டு மருத்துவர்கள் அந்த நோயைப் பிரித்து எழுதி வைக்காதிருந்தால், 1990இல் எந்தக் குழந்தையை அழைத்துச் சோதித்திருப்பார்கள்? இந்த வைரஸைக் கண்டறியும் சோதனை 1966இல் உலகில் எங்கும் இல்லை. ஆயினும் எழுத்து காத்திருந்தது. எங்கள் மலையில் சமணத் திருமேனிகளின் கீழே வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்தது என்று அவை கூறுகின்றன. பொறித்தவர்கள் யார் படிப்பார்கள் என்று அறிந்தா பொறித்தார்கள்? ஆயிரம் ஆண்டு கழித்து வந்தவர்கள் அவற்றைப் படித்து, அங்கே ஒரு சமணப் பெரும்பள்ளி இருந்ததையும், தச்சரும் குயவரும் கூடத் திருமேனி செய்வித்ததையும் அறிந்தார்கள். கண்டதைச் சரியாக எழுதி வைப்பவன், தான் காணப் போகாத ஒருவனுக்கு உதவி செய்கிறான்.

வைரஸ் தோலில் புண்ணை உண்டாக்குவது எவ்வாறு? நோயை எதிர்க்கும் படையின் தலைவர்கள் போன்றவை 'டி' அணுக்கள். எச்.டி.எல்.வி.–1 அவற்றிலேயே குடிபுகுவதால் படையின் ஒழுங்கு குலைகிறது. அதனால், பிறருக்குத் தீங்கு செய்யாமல் தோலில் ஒதுங்கியிருக்கும் பாக்டீரியங்கள் இக்குழந்தைகளிடம் ஓயாது புண்ணை உண்டாக்குகின்றன. மருந்து பாக்டீரியத்தைக் கொல்கிறது. வைரஸ் அங்கேயே இருக்கிறது. ஆறிய புண் திரும்பி வருவதன் மர்மம் இதுவே. இந்நோய் பின்னர் பிரேசில், பெரு, தென்னாப்பிரிக்கா, செனகல் முதலிய நாடுகளிலும் காணப்பட்டது. இக்குழந்தைகளில் சிலருக்குத் தண்டுவட நோயோ இரத்தப் புற்றுநோயோ பின்னாளில் வரக்கூடும் என்பதால், புண் ஆறிய பின்னும் அவர்களைத் தொடர்ந்து கவனித்து வருவது இன்றியமையாதது. வைரஸை உடலிலிருந்து அகற்றும் மருந்தோ, அதைத் தடுக்கும் தடுப்பூசியோ இதுவரை இல்லை. தோற்புண்ணை மட்டும் நீண்டகால மருந்தால் அடக்கி வைக்க முடிகிறது.

வியப்பான ஒன்று: வைரஸ் மிகுதியாக உள்ள கியூஷுவில் இந்தக் குழந்தைக் கரப்பான் அரிதாகவே காணப்படுகிறது. ஜமைக்காவிலோ ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் மிகுதி. உணவு, நெருக்கடியான குடியிருப்பு, பரம்பரை இயல்பு முதலியவை காரணமாகலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். விதை ஒன்றாயினும் நிலத்திற்கேற்ப விளைவு மாறும் என்பது கரிசல் காட்டு உழவனுக்குத் தெரிந்த செய்திதான்.

இந்த வைரஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வாறு செல்கிறது? இங்கேதான் கதையின் மிகக் கடினமான பகுதி வருகிறது. முக்கிய வழிகள் மூன்று: தாய்ப்பால், உடலுறவு, இரத்தம். வைரஸ் உள்ள தாய்மாரின் பாலில் வைரஸ் கொண்ட அணுக்கள் இருப்பதை 1984இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். உலகத்தில் எதற்கும் ஒப்பிட முடியாத தூய பொருள் என்று எல்லா மொழிகளும் போற்றும் தாய்ப்பால், சில குழந்தைகளுக்கு நோயின் வாயிலாகவும் இருக்கிறது என்ற உண்மையைத் தாயிடம் எப்படிச் சொல்வது?

கியூஷுவின் நாகசாகி மாவட்டம் 1987இல் ஒரு முடிவெடுத்தது. அணுகுண்டின் கொடுமையைத் தாங்கிய அதே நாகசாகிதான். கருவுற்ற பெண்களின் இரத்தத்தைச் சோதித்து, வைரஸ் உள்ளவர்களிடம் உண்மையைக் கூறி, தாய்ப்பாலைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தும் திட்டம் அங்கே தொடங்கப்பட்டது. நீண்ட காலம் தாய்ப்பால் உண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்கு வைரஸ் சென்றிருந்தது. புட்டிப்பால் உண்டவர்களில் அது நூற்றுக்கு இரண்டு மூன்று பேராகக் குறைந்தது. தானமாகப் பெறும் இரத்தத்தை 1986 முதலே ஜப்பான் சோதித்து வந்தது. கருவுற்ற பெண்களுக்கான சோதனை 2010ஆம் ஆண்டை ஒட்டி நாடு முழுவதற்கும் விரிந்தது. பால் சுரக்கும் மார்பை மகவுக்கு மறுத்து, அந்த மறுப்பாலேயே மகவைக் காத்த தாய்மாரை என்னவென்று சொல்வது? அவர்கள் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

இதைக் கேட்டு எவரும் தவறாகப் பொருள் கொள்ளலாகாது. வைரஸ் இல்லாத தாயின் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு நிகரான உணவு இல்லை. தூய நீர் கிடைக்காத இடத்தில் புட்டிப்பாலே வயிற்றுப்போக்கால் குழந்தையைக் கொன்றுவிடும். என் ஊர்க் கோடையை நினைத்தால், நாகசாகியின் வழியை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது என்பது எனக்கு விளங்குகிறது. சோதனையும், நல்ல நீரும், மருத்துவரின் நேரிய அறிவுரையும் ஒன்றாகக் கிடைக்கும் இடத்தில்தான் அவ்வழி நன்மை தரும். அறிவு என்பது கருத்து மட்டுமன்று. அதைத் தாங்கும் கிணறும் குழாயும் சேர்ந்ததே அறிவு.

இனி, என்னை இக்கதைக்குள் இழுத்துவந்த டிரினிடாட் ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். டிரினிடாடில் ஆப்பிரிக்க வழிவந்தோரும் இந்திய வழிவந்தோரும் நூறாண்டுகளுக்கு மேலாக ஒரே தீவில் வாழ்ந்து வருகின்றனர். ஒரே காற்று, ஒரே வெயில், ஒரே கொசுக்கடி. பிள்ளைகளுக்கு ஒரே பள்ளிக்கூடங்கள். 1980களில் அங்கே இரத்தச் சோதனை செய்தபோது, எச்.டி.எல்.வி.–1 எதிர்ப்பொருள் பெரிதும் ஆப்பிரிக்க வழிவந்தோரிடமே காணப்பட்டது. இந்திய வழிவந்தோரிடம் அரிதாகவே இருந்தது. இதை வைத்து ஓர் இனத்தை உயர்வென்றும் மற்றொன்றைத் தாழ்வென்றும் பேசுவது பேதைமை. அடிமைக் கப்பல்களில் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் உடலோடு, அவர்கள் அறியாமலே வந்த வைரஸ் அது. அது தாயிடமிருந்து பிள்ளைக்கும், கணவன் மனைவியரிடையேயும் குடும்ப வழியாகவே நடந்திருக்கிறது. இந்த ஆய்வு உணர்த்தும் பாடம் வேறு. தொடுவதாலோ, பக்கத்தில் அமர்வதாலோ, ஒரே பானையில் நீர் குடிப்பதாலோ இந்த வைரஸ் பரவுமானால், நூறாண்டுக் கூட்டு வாழ்வில் இரு சாராரிடமும் அது சரிசமமாகக் கலந்திருக்கும். அப்படிக் கலக்கவில்லை.

இந்த வரியைப் படித்தபோது, வாயிற்படி ஓரத்துப் பலகை என் கண்முன் வந்தது. 'தொற்று' என்ற சொல்லைக் கேட்டவுடன் விலகி நிற்கிறோமே, எது எந்த வழியாகத் தொற்றும் என்று ஒரு முறையேனும் கேட்கிறோமா? என் வகுப்புத் தோழனுக்கு வந்தது பெரும்பாலும் நம் நாட்டில் மிகுதியாகக் காணும் சாதாரணச் சிரங்காகவே இருக்கவேண்டும். தென்னிந்தியாவில் எச்.டி.எல்.வி.–1 அங்கொருவர் இங்கொருவரிடமே கண்டறியப்பட்டிருக்கிறது. சாதாரணச் சிரங்கு தொட்டால் பரவக்கூடியதுதான்; அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு எளிய மருந்து உண்டு. வீட்டார் அனைவரும் ஒரே நேரத்தில் பூசிக்கொண்டால் போய்விடும். தனிப் பலகை மருந்தன்று. அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு மருத்துவரின் ஐந்து நிமிடப் பார்வை. நாங்கள் அவனுக்குக் கொடுத்தது ஒரு மூலை.

மாணவ நண்பர்களே, உலகில் குறைந்தது 50 இலட்சம் முதல் ஒரு கோடி மக்களிடம் இந்த வைரஸ் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களில் பலர் அதை அறியாமலே வாழ்கின்றனர். அவர்களுள் சிலருடைய குழந்தைகள் இன்றும் ஆறாத புண்ணோடு ஏதோ ஒரு பள்ளியின் வாயிற்படி ஓரத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும். உங்களில் சிலர் நாளை மருத்துவர்களாவீர்கள், செவிலியராவீர்கள், ஆசிரியராவீர்கள். ஒரு குழந்தையின் புண் ஆறி ஆறித் திரும்புகிறது என்று கண்டால், 'சிரங்குதான்' என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். எங்கே தோன்றியது, எப்போது தொடங்கியது, எந்த மருந்திற்கு ஆறியது, எத்தனை நாளில் திரும்பியது என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். காரணம் உங்களுக்குப் புலப்படாமற் போகலாம். உங்களுக்குப் பின் வருபவர் அதைப் படித்துக் காரணத்தைக் காண்பார்.

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போதெல்லாம் நான் மலையேறி வெட்டுவான் கோயிலைப் பார்ப்பதுண்டு. விமானத்தின் உச்சியில் உருவங்கள் உயிரோடு இருப்பவைபோல் திகழ்கின்றன. கீழே பாறை பாறையாகவே நிற்கிறது. ஸ்வீட்டும் வால்ஷும் மேலே தொடங்கினர். லாகிரனேட் நடுவே செதுக்கினார். நாகசாகியின் தாய்மாரும் மருத்துவரும் இன்னும் சிறிது கீழே இறக்கினர். இந்நோயைப் பற்றிய அறிவிலும் அடிப்பாறை இன்னும் மிச்சமிருக்கிறது. அதைச் செதுக்கும் உளி உங்கள் கையில் வரட்டும்.